லேப்டாப் ஏரோ கீ மேல வைக்கிற ஜாய்ஸ்டிக்: டிசைன் பாதியில நிக்குது, யோசனை சொல்லுங்க

வில்லாபுரத்தான் | ஞாயிறு இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகனுக்காக ஒரு சாமான் செஞ்சுக்கிட்டிருக்கேன், பாதியில நின்னுபோச்சு. இங்க 3டி பிரிண்டர் வச்சிருக்கவங்க, பட்டறை வேலை தெரிஞ்சவங்க இருக்கீங்கன்னுதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

மாப்ளைக்குப் பதினோரு வயசு. பிறந்ததுல இருந்து பெருமூளை வாதம். விரலைத் தனித்தனியாப் பிரிச்சு அழுத்த வராது. ஆனா கையை மூடிப் பிடிச்சான்னா பிடி இரும்புப் பிடி, டவுன் பஸ்ல கம்பியைப் பிடிச்சா இறங்குற வரைக்கும் விடமாட்டான். வீட்ல இருக்கறது தங்கச்சிக்கு பிளஸ் டூல கவர்மெண்ட் கொடுத்த விலையில்லா லேப்டாப். அதுல டிராக்டர் ஓட்டுற விளையாட்டு ஒண்ணு இருக்கு. நாலு ஏரோ கீ போதும். பக்கத்துல உக்காந்து அவன் "மாமா, லெஃப்ட்டு, லெஃப்ட்டு"ன்னு சொல்லச் சொல்ல நான் அழுத்துவேன். அவனே ஓட்டணும். அதுக்குத்தான் இது.

யோசனை சுலபமானதுதான். ஏரோ கீயைச் சுத்தி ஒரு சட்டம். சட்டத்துக்குள்ள ஒரு தட்டு. தட்டுக்கு அடியில நாலு கால், ஒவ்வொரு கீக்கும் ஒண்ணு. தட்டு மேல ஒரு குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறமோ அந்தப் பக்கத்துக் கால் இறங்கி கீயை அழுத்தணும். கரண்ட் கிடையாது, வயர் கிடையாது, வேண்டாம்னா எடுத்து வச்சிரலாம்.

வெர்னியர் வச்சு அளந்தது: லெஃப்ட், ரைட் கீ முழு உயரம். அப், டவுன் ரெண்டும் பாதி உயரம், நடுவுல ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. நடு மையத்துல இருந்து லெஃப்ட் கீயோட மையம் 18 மி.மீ. அப் கீயோட மையம் வெறும் 4.5 மி.மீ. கீ கீழ இறங்குறது 1.2 மி.மீ. கீகளுக்கு நடுவுல இருக்கற சந்து 3 மி.மீ.

எவ்வளவு பாரம் வச்சா கீ அமுங்குதுன்னும் பார்த்தேன். டீக்கடையில வாங்க மாட்டேங்கறாங்கன்னு அம்மா ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்ச பத்து ரூபாய் நாணயம் நிறைய கிடந்துச்சு. ஒரு நாணயம் 7.71 கிராம். நாணயம் கீயை விட அகலம், அதனால ரைட் கீ மேல அழிரப்பரை விரல் நகம் அளவுக்கு நறுக்கி வச்சு, அதுக்கு மேல ஒவ்வொண்ணா அடுக்குனேன். ஏழு வரைக்கும் அப்படியே நின்னுச்சு. எட்டாவது வச்சதும் டொக்குன்னு இறங்கிருச்சு. ஆக 62 கிராம் சுத்துல.

முதல் பிரிண்ட் பிஎல்ஏங்கற பிளாஸ்டிக்ல போட்டேன். மூணு பிரச்சனை. லெஃப்ட், ரைட் லேசா தொட்டாலே விழுது, அப், டவுனுக்குக் குச்சியை ரொம்பச் சாய்க்க வேண்டியிருக்கு. தட்டைச் சட்டத்தோட சேர்க்கிற நாலு பட்டை ரொம்ப விறைப்பு, அவன் கைக்கு ஆகாது. மூணாவது, குச்சி. அவன் பிடிச்சு ஒரு தடவை இழுத்தான், அடியோட மளுக்குன்னு ஒடிஞ்சிருச்சு. ஒடிஞ்ச துண்டைக் கையில வச்சுக்கிட்டு, தான்தான் கெடுத்துட்டோம்னு என் முகத்தையே பார்த்தான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

---

பரங்குன்றம் மெக் | ஞாயிறு இரவு 10.02

அண்ணே, நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். உங்க அளவுலயே விடை இருக்கு. இது தராசுக் கணக்குதான்.

கீ 1.2 இறங்கணும். கால் 18 மி.மீ. தள்ளி இருந்தா தட்டு 4 டிகிரி கூடச் சாயத் தேவையில்லை. 4.5 மி.மீ.ல இருந்தா 15 டிகிரி சாயணும். அதனாலதான் ஒரு பக்கம் தொட்டதும் விழுது, இன்னொரு பக்கம் மல்லுக்கட்டுது.

காலைக் கீயோட மையத்துலதான் வைக்கணும்னு சட்டம் இல்லண்ணே. லேப்டாப் கீக்கு அடியில கத்தரி மாதிரி குறுக்குக்கால் இருக்கும். ஓரத்துல அழுத்தினாலும் கீ ஒரு பக்கமாச் சாயாம மட்டமா இறங்கறதுக்காகத்தான் அந்த அமைப்பே. அதனால லெஃப்ட், ரைட் காலை உள்பக்க ஓரத்துக்குக் கொண்டு வாங்க, மையத்துல இருந்து 11 மி.மீ. அப், டவுன் காலை வெளி ஓரத்துக்குத் தள்ளுங்க, 7 மி.மீ. இப்ப ஒண்ணு 6 டிகிரி, இன்னொண்ணு 10 டிகிரி. முன்ன நாலு மடங்கு வித்தியாசம் இருந்துச்சு, இப்ப ஒன்றரை மடங்குதான். கைக்குப் பெருசாத் தெரியாது.

பட்டை எவ்வளவு தடிமன் வச்சீங்க? 1.2 வச்சிருந்தா 0.6 ஆக்குங்க. விறைப்பு, தடிமனை மூணு தடவை பெருக்கின கணக்குல (கியூப்) போகும். பாதியாக்கினா விறைப்பு எட்டுல ஒரு பங்காயிரும். 0.2 லேயர்னா மூணு லேயர் வரும், போதும்.

குச்சியை நட்டமா நிக்க வச்சுப் பிரிண்ட் போட்டிருப்பீங்க. லேயர் ஒவ்வொண்ணும் வட்டம் வட்டமா அடுக்கி வச்ச மாதிரி, இழுத்தா லேயருக்கு நடுவுலதான் விடும். குச்சியைத் தனியா, படுக்க வச்சுப் போடுங்க. அடிப்பக்கத்தைச் சதுரமாக்கி, தட்டுல சதுர ஓட்டை விட்டுச் செருகிக்கலாம். சுத்தி 0.2 மி.மீ. இடைவெளி விட்டா இறுக்கமா உக்காரும்.

---

சிம்மக்கல் சர்வீஸ் | திங்கள் காலை 11.30

லேப்டாப் ரிப்பேர்தான் என் தொழில். ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, பயமுறுத்தலை, கவனமா இருக்கச் சொல்றேன். குச்சி பிடிமானத்துல இருந்து 60 மி.மீ. உயரம்னு வைங்க. கால் 11 மி.மீ.ல. பையன் குச்சி நுனியை ஒரு கிலோ பலத்துல இழுத்தான்னா கீ மேல அஞ்சரைக் கிலோ விழும். ஏரோ கீயோட அடியில இருக்கற அந்தக் கத்தரிக்கால் நூல் மாதிரி பிளாஸ்டிக். அது ஒடிஞ்ச லேப்டாப் வாரத்துக்கு ரெண்டாவது என் மேஜைக்கு வரும். சில மாடல்ல ஒரு கீக்காக கீபோர்டையே மாத்த வேண்டி வரும். அதனால குச்சி எங்க நிக்கணுங்கறதைக் கீ முடிவு பண்ணக் கூடாது, சட்டம் முடிவு பண்ணணும். குச்சி ஒரு அளவுக்கு மேல போகாம சட்டத்துல முட்டி நிக்கட்டும்.

ரெண்டு, ஏன் கீபோர்டைக் கட்டி அழணும்? ஆர்டுயினோன்னு ப்ரோகிராம் போடுற சின்ன சர்க்யூட் போர்டு இருக்கு, அதுல லியோனார்டோ, இல்லைன்னா ப்ரோ மைக்ரோ வாங்குங்க. அதுல இருக்கற 32யு4 சிப் நேரடியா யூஎஸ்பி கீபோர்டு மாதிரி நடிக்கும். ஊனோ ஆர்3ல அது நேரடியா வராது, மாத்தி வாங்கிராதீங்க. சின்ன ஜாய்ஸ்டிக் மாட்யூல் ஒண்ணைச் சேர்த்தா நாலு திசையும் ஏரோ கீயா அனுப்பலாம். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரிச்சாக் கிடைக்கும்.

---

வில்லாபுரத்தான் | திங்கள் இரவு 8.40

பரங்குன்றம் தம்பி, மையத்துல வைக்கணுங்கறது என் மண்டையில ஊறிப்போனது. ஓரத்துல வைக்கலாம்னு தோணவே இல்ல. நன்றிப்பா.

சர்வீஸ் அண்ணே, அஞ்சரைக் கிலோங்கறதைப் படிச்சதும் திக்குன்னு ஆயிருச்சு. தடுப்பு கண்டிப்பா வைக்கிறேன். ஆர்டுயினோ யோசிக்காம இல்ல. இந்த லேப்டாப்ல யூஎஸ்பி ஓட்டை ரெண்டு போச்சு, மிச்சம் ஒண்ணுல மவுஸ் இருக்கு. அது போக வயர் தொங்குனா அவன் கை அதுல மாட்டுது, மாட்டினா இழுத்துருவான். அக்கா வீட்ல யாரும் ப்ரோகிராம் பக்கம் போனதில்ல. நான் ஊர்ல இல்லாதப்ப ஏதாவது நின்னு போனா, எடுத்துத் திரும்ப வச்சாச் சரியாகிற மாதிரி இருக்கணும்.

---

செல்லூர் லேத் | திங்கள் இரவு 9.55

தம்பி, எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. இருபத்தெட்டு வருஷமா லேத்ல நிக்கறேன், அதை வச்சுச் சொல்றேன்.

நீங்க சொல்ற தட்டு நாலு பட்டையில தொங்குது. நடுவுல தாங்கல் இல்ல. பட்டையை இன்னும் மெலிசாக்கப் போறீங்க. அந்தப் பிள்ளை கையைத் தூக்கி வச்சுக்கிட்டா ஓட்டும்? குச்சி மேலதான் கையோட பாரம் பூரா இறங்கும். தட்டு அப்படியே கீழ போய் நாலு கீயும் ஒண்ணா அமுங்கும்.

தராசுன்னா நடுவுல தாங்குற முனை வேணும். சட்டத்தோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு, கீக்கு மேல படாம ஒரு பாலம் போடுங்க. பாலத்து நடுவுல பச்சைப்பயறு அளவு ஒரு குமிழ். தட்டு அதுல உக்காரட்டும். பாரம் குமிழ் வழியா பாலத்துக்கு, பாலத்துல இருந்து சட்டத்துக்குப் போயிரும். கீக்குச் சாய்வு மட்டும்தான் போகும். ஆட்டுக்கல்லுல குழவி நிக்கற மாதிரி நினைச்சுக்கங்க, எந்தப் பக்கமும் சாயும், கீழ இறங்காது.

பாலம் குறுக்க போனா லெஃப்ட், ரைட் கால் இடிக்குமே. அந்தக் காலைக் கவட்டையா ரெண்டாப் பிரிச்சிருங்க, பாலம் நடுவுல போகட்டும்.

---

பரங்குன்றம் மெக் | திங்கள் இரவு 10.20

லேத் அண்ணே சொன்ன பாரம் பத்தி நான் நினைக்கவே இல்லை. பாலம் கண்டிப்பா வேணும்.

---

வில்லாபுரத்தான் | சனி மாலை 6.10

ரெண்டாவது பிரிண்ட் போட்டுப் பார்த்தாச்சு. இந்தத் தடவை பிஇடிஜிங்கற பிளாஸ்டிக். பிஎல்ஏ மாதிரி வெடுக்குன்னு ஒடியல, மெல்லிசுப் பட்டை நல்லா வளைஞ்சு கொடுக்குது.

நல்ல சேதி: பாலமும் குமிழும் பிரமாதம். என் முழுக் கைப் பாரத்தையும் குச்சி மேல வச்சேன், ஒரு கீ கூட அமுங்கலை. கெட்ட சேதி: அப் பக்கம் சாய்ச்சா சில நேரம் லெஃப்ட்டும் ரைட்டும் சேர்ந்து விழுது. டிராக்டர் நேரா போகாம வெட்டி வெட்டிப் போகுது. மாப்ள ரெண்டு தடவை வரப்புல ஏத்திட்டு, "மாமா, டயர் பஞ்சரா?"ன்னான்.

கால் எல்லாம் அளவு சரியாத்தான் இருக்கு. எங்க தப்புன்னு பிடிபடலை.

---

பரங்குன்றம் மெக் | சனி இரவு 7.45

கவட்டைதான் காரணம்ணே. ரெண்டு கிளையும் நடுக்கோட்டுல இருந்து மேலயும் கீழயும் எவ்வளவு தள்ளி இருக்கு, 4 மி.மீ.யா? தட்டு அப் பக்கம் 10 டிகிரி சாயறப்ப, நடுக்கோட்டுக்கு மேல 4 மி.மீ. தள்ளி இருக்கற எல்லாமே 0.7 மி.மீ. கீழ இறங்கும். அதுல லெஃப்ட் கவட்டையோட மேல்கிளையும் ஒண்ணு. ரைட்டும் அப்படியே. 1.2-ல 0.7 போயிட்டா கீ விழலாம், விழாமலும் இருக்கலாம். நீங்க பார்த்தது அதுதான்.

லெஃப்ட், ரைட் கால் ரெண்டும் நடுக்கோட்டு மேல ஒத்தைக் காலா இருக்கணும். அப்ப அப், டவுன் சாய்வுல அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பாலத்தைத்தான் நகர்த்தணும். நேராப் போடாம மூலைக்கு மூலை போடுங்க. உங்க சட்டம் 55-க்கு 20ன்னா பாலம் 20 டிகிரி சாய்வுல போகும். 11 மி.மீ.ல இருக்கற கால்ல இருந்து பாலத்தோட நடு 3.7 மி.மீ. தள்ளி இருக்கும். பாலம் 3 மி.மீ. அகலம், கால் 3 மி.மீ. விட்டம்னு வச்சா 0.7 இடைவெளி மிஞ்சும். ஒரசாது.

---

செல்லூர் லேத் | சனி இரவு 9.30

தம்பி சொல்றதுதான் சரி. கவட்டை சொன்னது நான். கால் இடிக்காம இருக்க வழி பார்த்தேன், சாயறப்ப என்ன ஆகும்னு பார்க்கலை. மூலைக்கு மூலை போடுங்க. அகலம் குறையறதால உயரத்தைக் கூட்டிக்கங்க, 2 மி.மீ. வச்சிருந்தா 3 ஆக்குங்க.

---

மேலூர் டீச்சர் | ஞாயிறு காலை 7.05

சிறப்புக் குழந்தைகளோட பதினாலு வருஷமா வேலை பார்க்கிறேன். இழை முழுசும் படிச்சேன். எல்லாரும் குச்சிக்குக் கீழ பார்த்துட்டீங்க, நான் குச்சிக்கு மேல இருக்கறதைச் சொல்றேன்.

தம்பி, குச்சியோட நுனி எப்படி இருக்கு? உருண்டையா இருந்தா மாத்துங்க. கையை மூடிப் பிடிக்கிற பிள்ளைக்கு உருண்டை வழுக்கும், வழுக்க வழுக்க இன்னும் இறுக்கும், இறுக்க இறுக்கத் தோள் வரைக்கும் விறைக்கும். குறுக்குப் பிடி வைங்க, மண்வெட்டிக் காம்போட நுனியில குறுக்குக் கட்டை வச்ச மாதிரி. தடிமன் அவன் கை மூடினா விரலும் உள்ளங்கையும் தொடுற அளவு. அதுக்குக் களிமண்ணை உருட்டி அவன் கையில கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்க, அந்த அச்சை அளந்துக்கங்க. நாங்க ஸ்பூனுக்கும் பென்சிலுக்கும் அப்படித்தான் செய்வோம்.

அடுத்தது மணிக்கட்டு. கை அந்தரத்துல நின்னா அஞ்சு நிமிஷத்துல சோர்ந்துருவான். மணிக்கட்டை வைக்க ஒரு இடம் வேணும். சட்டத்தை லேப்டாப்போட முன்பக்கம், கை வைக்கிற மட்டமான இடம் வரைக்கும் நாக்கு மாதிரி நீட்டிருங்க. அவன் மணிக்கட்டு அந்த நாக்கு மேல உக்காரட்டும். சட்டத்தை எப்படி நகராம நிறுத்தறதுன்னு நீங்க இன்னும் சொல்லலையே, அவன் கையே அதைப் பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு கம்ப்யூட்டர் பக்கம். கை நடுங்கி ஒரே கீ ரெண்டு மூணு தடவை விழுந்தா, விண்டோஸ்ல ஃபில்டர் கீஸ்னு ஒரு வசதி இருக்கு. வலது ஷிஃப்டை எட்டு செகண்ட் அழுத்திப் பிடிச்சா வரும். தட்டுப்பட்டு விழுற சின்னச் சின்ன அழுத்தத்தை அது கணக்குல எடுக்காது. ஆனா முதல்லயே போடாதீங்க. அவன் அழுத்தினதுக்கும் டிராக்டர் திரும்பறதுக்கும் நடுவுல தாமதம் வந்தா, தான் பண்ணினதால திரும்புச்சுங்கற நிச்சயம் அவனுக்கு வராது. முதல் வாரம் அந்த நிச்சயம் வரட்டும்.

---

சிம்மக்கல் சர்வீஸ் | ஞாயிறு காலை 10.50

டீச்சர் சொன்ன நாக்கு ரொம்பச் சரி. 20 மி.மீ. அகலச் சட்டம் மேல 60 மி.மீ. குச்சியை நட்டு இழுத்தா, சட்டமே கவிழ்ந்துரும். ஃபோம் டேப் மட்டும் தாங்காது.

தடுப்புக்கு ஒரு யோசனை. குமிழுக்கு மேல 20 மி.மீ. உயரத்துல ஒரு மேல்தட்டு வச்சு, குச்சி போக ஓட்டை விடுங்க. ஓட்டை வட்டமா வேண்டாம், கூட்டல் குறி மாதிரி வெட்டுங்க. நாலு திசைக்கு மட்டும் போகும், மூலைக்குப் போகாது, ரெண்டு கீ சேர்ந்து விழாது. 1970கள்ல வந்த அடாரி 2600 ஜாய்ஸ்டிக்கைக் கழட்டிப் பார்த்திருக்கேன். உள்ள குச்சி சாய்ஞ்சு, போர்டு மேல இருக்கற சின்ன உலோகக் குமிழை அழுத்தும், அவ்வளவுதான். நீங்க செய்றதும் அதே வேலைதான், போர்டுக்குப் பதிலா கீபோர்டு.

இன்னொண்ணு மறந்துராதீங்க. இதை வச்சுக்கிட்டே லேப்டாப்பை மூடினா டிஸ்ப்ளே போச்சு. மாட்டினவங்க மறந்தாலும் கண்ணுல படுற மாதிரி பளிச்சுன்னு ஒரு கலர்ல போடுங்க.

---

திருமங்கலம் பைக் | ஞாயிறு மதியம் 2.15

பிஎல்ஏ போடாதது நல்லது. நான் ஒரு மொபைல் ஸ்டாண்டு பிஎல்ஏல போட்டு மே மாசம் கார்ல விட்டேன், சாயங்காலம் வாழை இலை மாதிரி தொங்கிக்கிட்டிருந்துச்சு. 60 டிகிரி சுத்துலயே அது இளகிரும். பிஇடிஜி 80 வரைக்கும் நிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அந்த இருபது டிகிரி ரொம்ப முக்கியம்.

---

வில்லாபுரத்தான் | அடுத்த ஞாயிறு இரவு 8.30

முடிஞ்சுது. ஓடுது.

நாலு நாள் சாயங்காலம் ஓப்பன்எஸ்கேட்ங்கற 3டி டிசைன் சாஃப்ட்வேர்ல உக்காந்து முதல்ல இருந்து வரைஞ்சேன். எல்லா அளவையும் மேல பேர் போட்டு வச்சிருக்கேன்: கீ மையத் தூரம், கால் தூரம், கீ இறங்குற ஆழம், சந்து அகலம், பிடித் தடிமன். வேற லேப்டாப் வச்சிருக்கவங்க வெர்னியர்ல அளந்து அந்த அஞ்சு எண்ணை மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறிக்கும். அப் கீ தனியா மேல ஏறி நிக்கிற மாடல், நாலும் முழு உயரக் கீ, அதுக்கு இது அப்படியே ஆகாது. அங்க லெஃப்ட், ரைட் கீ மையத்தோட நேர்க்கோட்டுல வராது, டவுன் சாய்க்கிறப்ப கவட்டையில வந்த அதே கோளாறு வரும். அதைத் தனியா வரையணும்.

கடைசியா நின்ன அளவு: சட்டத்தோட சுவர் 2 மி.மீ., கீ சந்துக்குள்ள இறங்கி லேப்டாப் மேல நிக்குது. காலுக்கும் கீக்கும் 0.3 இடைவெளி. பாலம் மூலைக்கு மூலை, 3-க்கு 3. மேல்தட்டுல கூட்டல் குறி, லெஃப்ட் ரைட்டுக்கு 2.7, அப் டவுனுக்கு 4.3 நகரவிட்டிருக்கேன். அதுக்கு மேல குச்சி சட்டத்துலதான் முட்டும், கீக்குப் பாரம் போகாது. நான் ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்துட்டேன். நாக்கு 70 மி.மீ. நீளம், அடியில மெல்லிசு ஃபோம் டேப், மேல அக்கா பழைய துண்டுத் துணியை மடிச்சு ஒட்டி மெத்தை மாதிரி பண்ணிட்டா. கலர் ஆரஞ்சு.

பிடிக்குக் களிமண்ணுக்குப் பதிலா சப்பாத்தி மாவு. அக்கா உருட்டிக் கொடுத்தா, அவன் பிடிச்சான். நாலு விரல் பள்ளமும் கட்டைவிரல் பள்ளமும் அச்சா விழுந்துச்சு. கட்டைவிரல் பள்ளம் மட்டும் ஓரமாச் சாய்ஞ்சு இருந்துச்சு, அவன் கட்டைவிரல் அப்படித்தான் மடங்கும்னு இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தும் நான் கவனிச்சதில்ல. பிடி 26 மி.மீ. தடிமன், அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் சாய்ச்சு வெட்டியிருக்கேன்.

நேத்து மத்தியானம் மாட்டிக் கொடுத்தேன். முதல் பத்து நிமிஷம் வட்டமா சுத்திக்கிட்டே இருந்தான், லெஃப்ட் மட்டும் பிடிச்சுக்கிட்டு. நான் எதுவும் சொல்லல. டீச்சர் சொன்ன மாதிரி மணிக்கட்டு நாக்கு மேல உக்காந்ததும் தோள் இறங்கிருச்சு, அதைக் கண்ணால பார்த்தேன். அப்புறம் பிடியை மெதுவா முன்னாடி தள்ளினான். டிராக்டர் வயல் ஓரத்துக்குப் போச்சு, திரும்பிச்சு, உழுத சால் பக்கத்துலயே வந்துச்சு. அக்கா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "யார்டா ஓட்றது?"ன்னு கேட்டா. "நாந்தாம்மா"ன்னான்.

லேத் அண்ணே, சர்வீஸ் அண்ணே, டீச்சர், பரங்குன்றம் தம்பி, நீங்க நாலு பேரும் இல்லைன்னா அந்த ஒடிஞ்ச குச்சியோடதான் நின்னிருப்பேன்.

இப்ப அவன் ஹாரன் கேக்கறான். விளையாட்டுல ஹாரன் ஸ்பேஸ் பார்ல இருக்கு. இடது கையை விரிச்சபடி வச்சு அழுத்துற மாதிரி, ஸ்பேஸ் பார் மேல அகலமா ஒரு தட்டு போட்டாப் போதும்னு நினைக்கிறேன். ஸ்பேஸ் பார் நீளமா இருக்கறதால ஒரு ஓரத்துல அழுத்தினா எவ்வளவு பாரம் கேக்குதுன்னு தெரியணும். நாளைக்கு நாணயப் பாட்டிலை எடுத்துக்கிட்டு உக்காரணும்.